பழைய மோட்டார் படகு: விற்பவர் சொல்லும் வேகமும் கடல் தரும் வேகமும்

மதுரையிலிருந்து தூத்துக்குடியும் மண்டபமும் ஏறக்குறைய ஒரே தூரம்தான். 150 கிலோமீட்டர் அளவில். விடியற்காலையில் எலியார்பத்தி சுங்கச்சாவடியைத் தாண்டிவிட்டால், மதியச் சாப்பாட்டுக்கு முன்பே படகைப் பார்த்து, பேரம் பேசி, முன்பணமும் கொடுத்துவிட முடியும். அந்த வேகம்தான் ஆபத்து. கார் வாங்கிப் பழகியவர்கள் நாம். மைலேஜ் எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு என்ற கேள்விகளோடு கடற்கரைக்குப் போகிறோம். விற்பவரும் தயங்காமல், "இருபத்தெட்டு நாட் நிச்சயம் அண்ணாச்சி" என்கிறார்.

அவர் பொய் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஓர் ஆள், கால் டேங்க் பெட்ரோல், அலையில்லாத காலைக் கடல், பின்காற்று, போகிற திசையிலேயே நீரோட்டம். இத்தனையும் கூடிவந்த ஒரு நாளில் படகு அரை நிமிடம் அந்த வேகத்தைத் தொட்டிருக்கும். உங்களுக்கு வேண்டியது வேறொரு எண். குடும்பமும் ஐஸ் பெட்டியும் தூண்டில்களும் ஏறிய பிறகு, என்ஜினை வருத்தாமல் மணிக்கணக்கில் எந்த வேகத்தில் ஓட்டலாம்? அதற்கு ஒவ்வொரு கடல் மைலுக்கும் எத்தனை லிட்டர் எரியும்? இந்த இரண்டையும் சேர்த்துத்தான் இங்கே ஓட்ட வேகம் என்கிறேன். இது எந்த விளம்பரத்திலும் இருக்காது. நீங்களேதான் அளக்க வேண்டும்.

அலகுகளை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட். பத்து நாட் என்றால் மணிக்குப் பதினெட்டரை கிலோமீட்டர். தரையில் இது சைக்கிள்காரரின் வேகம். எதிர் அலையில் சிறிய படகுக்கு இதுவே போதும் போதும் என்று இருக்கும்.

முதல் படி: வீட்டிலேயே எழுதிக்கொள்ள வேண்டியது

படகைப் பார்க்கும் முன் ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதுங்கள்: எத்தனை பேர், எவ்வளவு தூரம், எந்த மாதங்களில். மூன்றாவதைத்தான் மதுரைக்காரர்கள் மறந்துவிடுகிறோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். வாடைக்காற்று வீசும் மழைக்காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கடுமையாக இருக்கும். பாம்பன் பாலத்துக்கு வடக்கே ஒரு கடல், தெற்கே வேறொரு கடல் என்று கடற்கரைக்காரர்கள் சும்மா சொல்வதில்லை. விடுமுறை மாதமான மே மாதத்தில் தூத்துக்குடியிலிருந்து ஓட்டுவது உங்கள் திட்டம் என்றால், ஜனவரி மாத அமைதிக் கடலில் அளந்த எண் உங்களுக்கு உதவாது.

தூரத்தைக் குறிக்கும்போது இன்னொன்று. இராமேஸ்வரம் தொடங்கித் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளும் மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. நினைத்தபடி தீவில் இறங்கிச் சமைத்துச் சாப்பிடலாம் என்ற கணக்கில் படகு வாங்காதீர்கள்.

இரண்டாம் படி: அடிப்பாகத்தின் வடிவம்

என்ஜினை விடப் படகின் அடிப்பாகமே வேகத்தை முடிவு செய்கிறது. தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் கனமான, உருண்ட அடியுள்ள படகுக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. நீர்மட்டத்தில் அதன் நீளத்தை அடிக் கணக்கில் அளந்து, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். நீர்மட்ட நீளம் 25 அடி என்றால் 6.7 நாட்; 36 அடி என்றால் 8 நாட். இதற்கு மேல் எத்தனை குதிரைத்திறனைப் பூட்டினாலும் படகு தான் எழுப்பிய அலையிலேயே ஏறப் பார்க்கும், டீசல்தான் கரையும். இப்படிப்பட்ட படகில் பெரிய என்ஜினைப் பொருத்தி "பன்னிரண்டு நாட் போகும்" என்று யாராவது சொன்னால், புன்னகையோடு தேநீரைக் குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

தண்ணீருக்கு மேல் எழும்பிச் சறுக்கும் படகு வேறு சாதி. இலேசான ஃபைபர் உடல், தட்டையான அல்லது 'வி' வடிவ அடி. இதற்கு நடுவில் ஒரு மேடு உண்டு. இருபது அடிப் படகில் ஏழெட்டு நாட்டிலிருந்து பன்னிரண்டு நாட் வரை அணியம், அதாவது படகின் முன்முனை, வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் புதையும், எரிபொருள் வீணாகும். அந்த மேட்டைத் தாண்டியதும் படகு சமன்பட்டு இலகுவாக ஓடும். ஆகவே சோதனை ஓட்டத்தில் உச்ச வேகத்தைவிட முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, முழுச் சுமையோடு எத்தனை நாட் வரை வேகத்தைக் குறைத்தாலும் படகு எழும்பியே ஓடுகிறது என்பதுதான். பதினொரு நாட்டிலும் எழும்பி நிற்கும் படகு, அலை கூடும்போது உங்களைக் காப்பாற்றும். பதினாறுக்குக் கீழே வந்ததும் உட்கார்ந்துவிடும் படகு, கடல் சற்றே மாறினாலும் உங்களை அந்த வீணான மேட்டிலேயே ஓட வைக்கும்.

கேரளக் காயலில் ஓடிய தட்டை அடிப் படகுகள் சில சமயம் நல்ல விலைக்கு வரும். அவை குறைந்த சக்தியில் சீக்கிரம் எழும்பும், எரிபொருளும் மிச்சம். ஆனால் பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரில் எழும் குட்டையான, நெருக்கமான அலைகளில் அறைந்து அறைந்து ஓடும். ஓட்டுபவரின் முதுகெலும்புதான் அங்கே வேகக் கட்டுப்பாடு.

மூன்றாம் படி: என்ஜின் தகடும் ஒரு கணக்கும்

விற்பவரிடம் போனிலேயே நான்கு விவரங்கள் கேளுங்கள்: என்ஜினின் குதிரைத்திறன், முழுத் திராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்தால்) அது எட்ட வேண்டிய ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) வரம்பு, கியர் விகிதம் (புரொப்பெல்லர் ஒரு முறை சுற்ற என்ஜின் எத்தனை முறை சுற்றுகிறது), புரொப்பெல்லரின் பிட்ச். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் முன்னேற வேண்டிய தூரம்; அங்குலக் கணக்கில் புரொப்பெல்லரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

எரிபொருளுக்கு ஒரு தோராயக் கணக்கு போதும். முழுத் திராட்டிலில் நான்கு ஸ்ட்ரோக் பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு மூன்றில் ஒரு லிட்டரோ சற்றுக் கூடுதலாகவோ குடிக்கும். 90 குதிரைத்திறன் என்றால் 30 முதல் 34 லிட்டர். டீசலுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஐந்தில் ஒரு லிட்டரைவிடச் சற்று அதிகம். 100 குதிரைத்திறனுக்கு மணிக்கு 20, 22 லிட்டர். கார்ப்ரேட்டர் வைத்த பழைய இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்புறம் வெளியே மாட்டும் என்ஜின்) இவற்றையெல்லாம் மிஞ்சிக் குடிக்கும். "மணிக்கு எட்டு லிட்டர்தான்" என்று 90 குதிரைத்திறன் என்ஜினைப் பற்றி ஒருவர் சொன்னால், எந்த வேகத்தில் என்று உடனே கேளுங்கள்.

இந்த எண்கள் நமக்கு அதிர்ச்சியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி நாற்கரச் சாலையில் கார் நூறில் ஓடும்போது என்ஜின் தன் திறனில் சிறு பங்கையே செலவழிக்கிறது. படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. இறக்கமே வராமல் குமுளி மலைப்பாதையில் ஏறிக்கொண்டே இருப்பது போன்ற வேலை அதற்கு. அதனால்தான் முழுத் திராட்டிலில் ஓட்டுவதை யாரும் வழக்கமாக வைத்துக்கொள்ளக் கூடாது. டீசல் என்றால் உச்ச ஆர்.பி.எம்.மில் எண்பது சதவீதம், நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு என்றால் 3,500 முதல் 4,500 வரை. என்ஜின் நீண்ட நாள் உழைக்கும் இடம் இதுதான்.

நான்காம் படி: கரையில் கிடக்கும்போது

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் காலம் அது. அடிப்பாகத்தைப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை. நல்ல மெக்கானிக் கிடைப்பதற்குத்தான் இதைவிட மோசமான நேரம் இல்லை.

அடியில் பாசியும் கொட்டலசு என்ற ஓட்டுயிரியும் ஒட்டியிருந்தால் வேகம் கணிசமாகக் குறையும். சுரண்டிவிட்டால் சரியாகிவிடும் என்பதால் அது பெரிய குறை அல்ல. ஆனால் அந்த நிலையில் செய்த சோதனை ஓட்டம் செல்லாது. புரொப்பெல்லரின் இலை விளிம்பைத் தடவிப் பாருங்கள். பாறையில் தட்டிய மடிப்பு, அரிப்பு, அரத்தால் ராவிய தடம் எல்லாம் விரலுக்குத் தெரியும்.

தீராத குறை என்றால் அது எடைதான். பழைய ஃபைபர் படகின் தளத்துக்கு அடியில் உள்ள நுரையும் பலகையும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டால், கண்ணுக்குத் தெரியாத ஆட்கள் சிலர் எப்போதும் படகில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் திடீரென மந்தமானால் அந்த இடத்தில் சந்தேகப்படுங்கள். இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு, ஏனோ பலர் செய்வதில்லை. படகு டிரெய்லரில் இருந்தால் லாரி எடைமேடையில் ஒரு முறை ஏற்றுங்கள். டிரெய்லரின் எடையைக் கழித்துவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன வெற்று எடையோடு என்ஜினையும் எரிபொருளையும் கூட்டி ஒப்பிடுங்கள். இருநூறு முந்நூறு கிலோ கணக்கில் வராமல் நின்றால், அது எங்கே இருக்கிறது என்று விற்பவர்தான் சொல்ல வேண்டும்.

முந்தைய உரிமையாளர் கூரை, மேல்தளம், கூடுதல் இருக்கைகள் என்று சேர்த்திருக்கிறாரா என்றும் பாருங்கள். உயரத்தில் ஏறும் எடை வேகத்தைக் குறைப்பதோடு நிற்காது, படகின் நிலைப்பையே கெடுக்கும். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தது நம் பக்கத்தில் நடந்ததுதான். நிலைப்பில் சந்தேகம் வந்தால் வேகக் கணக்கையெல்லாம் மூடி வைத்துவிட்டு ஊர் திரும்புங்கள்.

ஐந்தாம் படி: சோதனை ஓட்டம்

இதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். நீங்கள் வரும்வரை என்ஜினைத் தொட வேண்டாம் என்று முன்னரே சொல்லிவிடுங்கள். சூடேறிய பழைய என்ஜின் எல்லாமே நன்றாகத்தான் கிளம்பும்.

சுமையை உண்மையானதாக ஆக்குங்கள். டேங்கை நிரப்புங்கள், செலவு உங்களுடையதாக இருக்கட்டும். ஆறு பேர் போகும் திட்டம் என்றால் ஆறு பேர் ஏற வேண்டும். ஆள் இல்லையென்றால் 20 லிட்டர் தண்ணீர் கேன்களை ஏற்றுங்கள். கேன் ஒன்றுக்கு 20 கிலோ, மூன்றரை கேன் ஓர் ஆள். விற்பவர் சிரிப்பார். சிரிக்கட்டும்.

கையில் ஒரு நோட்டு, ஜி.பி.எஸ். உள்ள செல்போன். 1,000 ஆர்.பி.எம்.மில் தொடங்கி ஐந்நூறு ஐந்நூறாக ஏற்றுங்கள். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடம் நிலையாக ஓடவிட்டு வேகத்தைக் குறியுங்கள். பிறகு அதே பாதையில் திரும்பி, அதே ஆர்.பி.எம்.மில் மீண்டும் அளந்து, இரண்டின் சராசரியை எடுங்கள். கடற்கரையில் நீவாடு என்று சொல்லும் நீரோட்டம் போகும்போது கொடுத்ததை வரும்போது பிடுங்கிக்கொள்ளும். 4,000 ஆர்.பி.எம்.மில் போக 19.4, வர 16.2 என்றால் படகின் வேகம் 17.8 நாட். விற்பவர் காட்டுவது எப்போதும் 19.4 திசையைத்தான்.

படகில் உள்ள ஆர்.பி.எம். மீட்டரை முழுக்க நம்ப வேண்டாம். பழைய மீட்டர்கள் சில நூறு தள்ளிக் காட்டும். ஒளியால் அளக்கும் கையடக்க டாக்கோமீட்டர் பெரிய விலை இல்லை. மெக்கானிக்கிடம் இருந்தால் இரவல் வாங்குங்கள்.

கடைசியில் முழுத் திராட்டில். தகட்டில் 5,000 முதல் 6,000 என்று இருந்தால், முழுச் சுமையில் படகு அந்த வரம்புக்குள் வர வேண்டும். 4,600லேயே திணறி நின்றால் காரணம் நான்கில் ஒன்று: பிட்ச் அதிகம், அடி அழுக்கு, படகு கனம், என்ஜின் தளர்ச்சி. முதல் இரண்டும் சின்னச் செலவு. பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் சுமார் 150 முதல் 200 ஆர்.பி.எம். ஏறும். நான்காவதுதான் காரணமா என்று தெரிந்துகொள்ள, சிலிண்டர்களின் கம்ப்ரஷனை மெக்கானிக் அளக்கட்டும். ஒன்றுக்கொன்று பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. டீசல் என்ஜின் ஆர்.பி.எம். எட்டாமல் கரும்புகையும் கக்கினால் அது சுமை தாங்காமல் ஓடுகிறது என்று பொருள். மாறாக, என்ஜின் வரம்பைத் தாண்டிப் பறந்தால், ஓட்டம் துள்ளலாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சிறிய பிட்ச் புரொப்பெல்லரை மாட்டியிருக்கலாம்.

எல்லா எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு. ஆர்.பி.எம்.மைப் பிட்ச்சால் பெருக்கி, கியர் விகிதத்தால் வகுத்து, மீண்டும் 1,215 ஆல் வகுத்தால், புரொப்பெல்லர் தண்ணீரில் கொஞ்சமும் வழுக்காமல் சுற்றினால் வர வேண்டிய வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 4,000 ஆர்.பி.எம்., 15 அங்குலப் பிட்ச், 2.3 கியர் விகிதம் என்றால் 21.5 நாட். நீங்கள் அளந்தது 17.8. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழுக்கல்: 17 சதவீதம். எழும்பி ஓடும் படகுக்குப் பத்து முதல் இருபது சதவீதம் இயல்பு. வழுக்கல் முப்பதைத் தாண்டினால் புரொப்பெல்லர் சேதமோ அதிகச் சுமையோ இருக்கிறது. வழுக்கல் இரண்டு மூன்று சதவீதம்தான் என்று வந்தால் மகிழ வேண்டாம்; மீட்டரோ, சொன்ன பிட்ச்சோ, கியர் விகிதமோ தவறு.

ஆறாம் படி: லிட்டரை அளப்பது

அவுட்போர்டில் தனி டேங்க் இருந்தால் வேலை சுலபம். ஓட்ட வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டுங்கள்; முன்னும் பின்னும் டேங்கைத் தராசில் நிறுத்துங்கள். பெட்ரோல் லிட்டருக்கு ஏறக்குறைய 0.74 கிலோ. உள்ளே பொருத்திய டேங்க் என்றால் விளிம்புவரை நிரப்பி, ஓட்டி, மீண்டும் அதே விளிம்புவரை எவ்வளவு பிடிக்கிறது என்று பாருங்கள். டீசலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: எரியாத டீசல் திரும்புகுழாய் வழியே டேங்குக்குத் திரும்பிவிடும். தனிக் கேனில் அளப்பதானால் உறிஞ்சும் குழாய், திரும்பும் குழாய் இரண்டையும் அதே கேனில் விட வேண்டும். இல்லாவிட்டால் என்ஜின் குடிக்காததையும் சேர்த்துக் கணக்கெழுதுவீர்கள்.

90 குதிரைத்திறன் அவுட்போர்டு பூட்டிய ஒரு படகில் இப்படி வந்ததாக வைத்துக்கொள்வோம். 3,000 ஆர்.பி.எம்.மில் 8 நாட், மணிக்கு 10 லிட்டர். கடல் மைலுக்கு 1.25 லிட்டர். 4,000இல் 17.8 நாட், 17 லிட்டர். கடல் மைலுக்கு 0.96. 5,000இல் 23 நாட், 26 லிட்டர், 1.13. முழுத் திராட்டிலில் 26 நாட், 33 லிட்டர், 1.27. மெதுவாகப் போனால் மிச்சம் என்ற நம் சாலைப் பாடம் இங்கே பொய்த்துப்போவதைப் பாருங்கள். எட்டு நாட்டில் ஊர்வதும் முழு வேகத்தில் பறப்பதும் ஏறக்குறைய ஒரே செலவு. நடுவில் 4,000 பக்கம்தான் இந்தப் படகின் இடம்.

இனி டேங்க். நூறு லிட்டர் டேங்கில் அடியில் தங்குவது போகத் தொண்ணூறு என்று வையுங்கள். மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு கையிருப்பு. அறுபது லிட்டரில் அமைதிக் கடலில் 62 கடல் மைல். அதாவது கரையிலிருந்து 31. அலைக்கும் காற்றுக்கும் கால் பங்கு கூட்டினால் 24 கடல் மைல்தான் எல்லை. விற்பவர் சொன்ன தூரத்தில் பாதி இருந்தாலே ஆச்சரியம்.

ஏழாம் படி: காற்றுக்கு எதிரே

ஓடிப் பார்த்த நாள் அமைதியாக இருந்தால், முடிந்தால் பிற்பகலில் இன்னொரு முறை கேளுங்கள். காற்று எழுந்த பிறகு எதிர் அலையில் ஒரு நீட்டு ஓட்டுங்கள். காலையில் 18 நாட்டில் சொகுசாகப் போன படகு, இப்போது எந்த வேகத்தில் அறையாமல் போகிறது? அந்த வேகத்தில் எழும்பி நிற்கிறதா, மேட்டில் விழுந்துவிட்டதா? இரண்டாம் படியில் சொன்ன குறைந்தபட்ச வேகம் தன் மதிப்பைக் காட்டும் இடம் இது.

மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து கிழக்கே போகிறவருக்குக் காற்று முதுகில் இருக்கும், போவதே தெரியாது. திரும்பும்போது அதே காற்று முகத்தில். டேங்கில் பாதி தீர்ந்ததும் திரும்பலாம் என்று நினைப்பவர் சிக்கிக்கொள்வது இங்கேதான். எதிர்காற்றில் அளந்த லிட்டர் கணக்கை வைத்துத் திரும்பும் பயணத்தைத் திட்டமிடுங்கள். பின்காற்றில் வந்த எண் தேநீர்க்கடையில் பேசுவதற்கு மட்டும்.

விலையும் காகிதமும்

நோட்டில் உள்ள எண்களோடு பேரத்துக்கு உட்காருங்கள். புரொப்பெல்லர், அடி சுரண்டல், டியூனிங் போன்றவற்றின் செலவைக் கேட்டு வாங்கி விலையில் கழியுங்கள். தண்ணீர் குடித்த உடலுக்கும், உங்கள் கடலுக்குப் பொருந்தாத அடிப்பாகத்துக்கும் எந்தத் தள்ளுபடியும் ஈடாகாது. தளர்ந்த என்ஜின் அப்படியல்ல; புது என்ஜின் விலையைக் கழித்த பிறகும் உடல் நல்ல பேரமாக இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

படகு மீன்பிடிப் படகாகப் பதிவாகியிருந்தால் மீன்வளத் துறையில் பெயர் மாற்றம். உள்நாட்டு நீர்நிலைக்கு என்றால் 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கப்பல்கள் சட்டத்தின்படி பதிவு. என்ஜின் எண்ணும் உடலில் உள்ள எண்ணும் காகிதத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று நேரில் பாருங்கள்.

முன்பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒப்பந்தத் தாளில் இரண்டு வரிகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். முழு டேங்கும் இத்தனை ஆட்களும் ஏறிய நிலையில் என்ஜின் தகட்டில் உள்ள ஆர்.பி.எம். வரம்பை எட்ட வேண்டும், 4,000 ஆர்.பி.எம்.மில் இரு திசைச் சராசரி இத்தனை நாட்டுக்குக் குறையக் கூடாது. எட்டாவிட்டால் முன்பணம் திரும்ப வரும். இதற்குச் சம்மதிக்கும் சம்மாட்டியிடம், அதாவது படகு உரிமையாளரிடம், மீதியைப் பேசலாம்.